பட்டாவில் பேர் இல்லாத அப்பாயியைத் தேடுவது எப்படி

குடும்ப வரலாறு எழுதப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகத் தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறார்கள், அல்லது ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் வில்லங்கம் (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் காகிதம் என்பதே நிலத்தைச் சுற்றி எழுதப்பட்டது. நிலம் வைத்திருந்த ஆம்பளைகள் பெயர் நாலைந்து தலைமுறைக்குக்கூடக் கிடைத்துவிடும், அந்த வயலில் நாற்று நட்டவர்கள் பெயரோ அந்த வீட்டில் எட்டுப் பிள்ளை பெற்ற அப்பாயி (அப்பாவின் அம்மா) பெயரோ அதில் தேடினாலும் அகப்படாது. காகிதத்தில் ஆரம்பித்தால் காகிதம் யாரை விட்டதோ அவர்களை நீங்களும் விட்டுவிடுவீர்கள். அதனால் முதலில் ஆட்கள், அப்புறம் வீட்டுச் சாமான், கடைசியில்தான் ஆபீஸ். ஆபீஸ் எங்கேயும் போகாது, எண்பத்தைந்து வயது அத்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

யாரைக் கேட்பது? குடும்பத்தில் மூத்த ஆண், ரிட்டயர்டு ஆனவர், வெள்ளை வேட்டியோடு தயாராக இருப்பார், அவரையும் கேளுங்கள், ஆனால் அவர் சொல்வதில் முக்கால்வாசி கோர்ட் கேசும் பங்காளிச் சண்டையுமாகத்தான் இருக்கும். நிஜமான விவரம் இரண்டு வகைப் பெண்களிடம் இருக்கிறது. ஒன்று, அந்த வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைமார். பிறந்த வீட்டின் கூடம், முற்றம், மாட்டுக்கொட்டகை, எந்த அறையில் யார் படுத்திருந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் போன தேதியோடு அப்படியே மனதில் நின்றுபோயிருக்கும். இன்னொன்று, அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள். யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது, எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று பதினாறு வயதில் படித்துத் தேற வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான். பெரியவரை விட மருமகளாக வந்த அத்தாச்சிக்கு முறை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாயைத் திறந்து "தாத்தா பேர்ல என்னென்ன இருந்துச்சு" என்று கேட்ட அடுத்த நிமிஷம் ஊருக்குள் சேதி போய்விடும், பையன் சொத்துக்கு அடிபோடுகிறான் என்று. அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் வக்கீலிடம் சொல்வது போல அளந்துதான் சொல்வார்கள். நிலத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், அது தானாக வரும். கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து எதில் வந்தீர்கள், வில்வண்டியா ரயிலா, முதல் பிரசவம் எங்கே, மருத்துவச்சி யார், பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் ரொம்பக் கோபக்காரர் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் பதில் சொல்வார்கள்.

செல்போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் பேச்சு தெளிவாக இருக்கும். தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், ஐந்து வருஷம் கழித்து அந்தக் கோப்பு என்னவென்று யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது. முடிந்தால் இரண்டு சகோதரிகளைச் சேர்த்து உட்கார வையுங்கள். "இல்லடி, அது சின்னம்மா கல்யாணத்துல" என்று ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்ளும்போது வருகிற தகவல் தனியாகக் கேட்டால் வராது. ஒப்பாரி தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள், நல்ல நாளில் பாட மாட்டேன் என்பார்கள், வரிகளை வெறுமனே சொல்லச் சொல்லலாம். செத்தவரின் பிறந்த ஊர், அண்ணன் தம்பி, தாய்மாமன் வீடு எல்லாம் அதில் வந்து விழும்.

பேச்சு நின்றுபோனால் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கச் சொல்லுங்கள். இது வேலை செய்யும். பழைய பித்தளை அண்டா, தவலை, குடம், செம்பு எதுவானாலும் கழுத்துப் பக்கம் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து தெரியும்: இரண்டு முன்னெழுத்து, ஒரு பெயர், ஒரு தேதி, சில நேரம் ஊர். சீராக வந்த பாத்திரம் பெண்ணுக்கு வந்தது, அதனால் அதில் இருப்பது பெரும்பாலும் பெண்ணின் பெயர், அல்லது கொடுத்த தாய்மாமன் பெயர். எந்தப் பட்டாவிலும் ஏறாத பெயர் அண்டாவின் விளிம்பில் எழுபது வருஷமாக உட்கார்ந்திருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், எடைக்குப் போடுவதற்கு முன்னால். எத்தனை வீட்டின் வரலாறு பாத்திரக்கடைத் தராசில் ஏறிப் போயிற்று என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்தது மொய் நோட்டு. இதை யாரும் வரலாறாக நினைப்பதில்லை, ஆனால் என்னைக் கேட்டால் டெல்டாவில் ஒரு குடும்பத்தைப் பற்றி இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. நீளவாக்கில் மடிக்கும் கணக்கு நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, கல்யாணத் தேதி, அதன் கீழே வரிசையாக ஊர், பெயர், தொகை. முதல் சில வரிகளில் தாய்மாமன் வீட்டாரும் சம்பந்திகளும் இருப்பார்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள், எந்த ஊரில் பெண் கொடுத்தோம், எந்த ஊரில் எடுத்தோம் என்று ஒரு வரைபடமே வந்துவிடும். ஒரே வீட்டில் இருபது வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு கல்யாணத்தின் நோட்டு கிடைத்தால் விடாதீர்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமல்போன பெயர்கள்தான் விஷயம்: செத்துப்போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், கோபித்துக்கொண்டவர்கள். பெயரைக் காட்டி "இவங்க ஏன் அடுத்த கல்யாணத்துக்கு வரல" என்று கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கதை வரும்.

பழைய கல்யாணப் பத்திரிகை, அதைவிடக் கருமாதிப் பத்திரிகை. கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்தி, சம்பந்தி, பங்காளி என்று மொத்தக் கூட்டமும் ஊரோடு அச்சாகியிருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கிழித்துப்போடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு, அதனால் சொந்தக்காரர் வீட்டில் இல்லையென்றால் ஊரில் அச்சாபீஸ் வைத்திருந்தவரிடம் கேட்டுப் பார்க்கலாம். திதி கொடுக்கிற குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பெயர் வாய்ப்பாடமாக இருக்கும், தாய்வழியும் சேர்த்து. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரிலோ வேதாரண்யத்திலோ உட்கார்ந்து அப்பா சொல்லும்போது பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டால் போதும். குலதெய்வம் கோவிலில் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு, தரையில் பதித்த உபயதாரர் கல் இரண்டையும் பாருங்கள். டியூப் லைட்டில் எழுதிய உபயத்தை வைத்து அவ்வளவு பின்னால் போக முடியாது.

இப்போது தேதிப் பிரச்சினை. "நான் எப்ப பொறந்தேன்னு யாரு கண்டா" என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியை நம்பாதீர்கள், அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பது அதனால்தான். வருஷத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள். 1924 வெள்ளம், 1934இல் மேட்டூர் அணை, 1952 புயல், 1977 நவம்பர் புயல், எம்.ஜி.ஆர். செத்த 1987 டிசம்பர் என்று ஆணி அடித்து வைத்துக்கொண்டு, இதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கும்பகோணம் மகாமகம் இன்னும் வசதி: 1945, 1956, 1968, 1980, 1992. "மாமாங்கத்துக்குப் போனப்ப பெரியவனைத் தூக்கிட்டுப் போனேன்" என்றால் பெரியவனின் வயது கிடைத்துவிட்டது. குறுவை அறுப்பிலா, தாளடி நடவிலா என்று கேட்டால் மாதமும் கிடைக்கும்.

ஜாதகத்திலும் ஓலையிலும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். விபவ வருஷம் என்றால் 1928–29ஆகவும் இருக்கலாம், 1868–69ஆகவும் இருக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற நம் வழக்கத்தில் இது பெரிய குழப்பம், பெயரும் ஒன்று, வருஷமும் ஒன்று என்று இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவோம். அப்பா பெயரையும் மனைவி பெயரையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வருவாய்த்துறைக் காகிதத்தில் பசலி என்கிற வரிக்கணக்கு ஆண்டு இருக்கும், அதோடு 590 கூட்டினால் அந்த வருஷ ஜூலையில் தொடங்கும் ஆண்டு வரும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. பழைய பத்திரத்தில் ௵ வந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த மூன்றும் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சரி, இப்போது பத்திரங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதை முதலில் படியுங்கள். மாவும் குழியும் மண்டையைக் குழப்பினால் ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட், இருபது மா ஒரு வேலி என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள், நமக்கு வேண்டியது அளவு இல்லை. நான்கு எல்லையைப் பாருங்கள்: இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. பக்கத்து வயல்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகள், ஒரு காலத்தில் ஒரே வயலாக இருந்து பிரிந்தது. அப்புறம் சாட்சிக் கையெழுத்து. சாட்சி போட்டவர் மச்சான் முறையா சகலையா என்று விசாரித்தால் இன்னொரு கிளை திறக்கும்.

பெண்களைத் தேடுகிறவர்கள் இரண்டு வகைப் பத்திரத்தைக் குறிவைக்கலாம். பாகப்பிரிவினையில் தாயாரின் ஜீவனாம்சத்துக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியிருப்பார்கள், அங்கே அவள் பெயர் இருக்கும். இன்னொன்று விடுதலைப் பத்திரம். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், அதைவிட 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்த பிறகும், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். உரிமையை விட்டுக்கொடுத்த அந்தப் பத்திரத்தில்தான் அத்தனை அத்தைகளின் பெயரும், கணவர் பெயரும், ஊரும், வயதும் வரிசையாக நிற்கும். கொடுமைதான், ஆனால் தேடுகிறவனுக்கு உதவுகிறது. ராஜராஜன் பெரிய கோவில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரை எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்று சொல்லிப் பெயரோடு வெட்டி வைத்தான், ஆயிரம் வருஷம் ஆயிற்று. நம்மால் கொள்ளுப்பாட்டி பெயரைச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் இல்லாத பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975லிருந்து இணையத்தில் வில்லங்கம் பார்க்கலாம், அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட்டுத் தேட வேண்டும், ஊரும் பெயரும் தோராயமான வருஷமும் கையில் இருந்தால்தான் அங்கே போவதில் அர்த்தம். கிராமத்துப் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் அங்கே விசாரியுங்கள், நகரம் என்றால் நகராட்சி. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் வேலை பரம்பரையாக இருந்து 1980இல் ஒழிந்தது, அந்தக் குடும்பங்களில் பழைய கணக்குத் தாள்கள் இன்னும் கிடக்கலாம், மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ஊர் இனாம் கிராமமாக (மானியமாக விட்ட ஊர்) இருந்திருந்தால் 1860களில் எழுதிய இனாம் பதிவேடு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்? காகிதமே கிடையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அப்படியில்லை. 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம், 1971இல் குடியிருக்கும் மனையை உழைக்கிறவர்களுக்கே சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம். தாத்தா பெயர் அரசாங்கத் தாளில் முதன்முதலில் ஏறிய இடம் அந்தக் குத்தகைப் பதிவாகவோ மனைப்பட்டாவாகவோ இருக்கலாம், தாலுகா அலுவலகத்தில் அதைக் கேளுங்கள். மடங்களும் கோவில்களும் சாகுபடிதாரர் கணக்கு வைத்திருந்தன. பண்ணை வீடுகளில் கூலி நெல் அளந்த நோட்டு இருக்கும், கொடுப்பார்களா என்பது வேறு விஷயம். நீங்கள் பண்ணை வீட்டு வாரிசாக இருந்து அந்த நோட்டு உங்களிடம் இருந்தால், அதில் பெயர் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நகல் எடுத்துக் கொடுங்கள். கூலிக்காரக் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த வெண்மணி நடந்த மண் இது, உங்கள் தாத்தா நல்லவர் என்பதை அவர்களும் சொல்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706லேயே வந்துவிட்டது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. காரைக்கால் என்றால் அதிர்ஷ்டம்: பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் பெற்றோர் பெயரோடு எழுதினார்கள், அந்தப் பழைய பதிவேடுகளில் நிறைய பிரான்சின் வெளிநாட்டு ஆவணக் காப்பக இணையதளத்திலேயே இருக்கின்றன, பெண் பெயர் உட்பட. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட், மணியார்டர் துண்டு, கடித உறை ஏதாவது மிச்சம் இருக்கும், உறையின் முத்திரையில் தேதியும் ஊரும் படிக்கலாம்.

இனி பகிர்வது. பங்காளிகள் குரூப் என்று ஒன்று ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கும், குட் மார்னிங் படங்களோடு. அதில் கட்டிக்கொடுத்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். முதலில் அவர்களைச் சேருங்கள், அல்லது கதைக்கென்று தனிக் குரூப் தொடங்குங்கள். முழுப் புகைப்படத்தைப் போட்டால் கும்பிடும் இதயமும்தான் வரும், ஒரே ஒரு தலையை வட்டம் போட்டு "இவங்க யாரு, மன்னார்குடி சின்னத்தையா?" என்று கேளுங்கள். தப்பான பெயரைச் சொன்னால் திருத்துவதற்கென்றே நாலு பேர் வருவார்கள். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும், பத்து வரிக்குள், யார் சொன்னது எப்போது சொன்னது என்பதோடு. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், பெரியவர்களைப் பொதுவில் திருத்தாதீர்கள், தனியாகப் போன் போட்டுக் கேட்டால் அவர்களே மாற்றிச் சொல்வார்கள்.

பத்திரத்தின் படத்தைக் குரூப்பில் போடவே போடாதீர்கள். சர்வே நம்பர் கண்ணில் பட்ட நிமிஷம் வரலாறு முடிந்து பாகப்பிரிவினை தொடங்கும். வேண்டிய வரியை மட்டும் தட்டச்சு செய்து போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அடையாள எண்கள் எதுவும் வேண்டாம். மூத்த தாரம், தத்துப்பிள்ளை, கிணற்றில் விழுந்தவள், சாதி மாறிக் கல்யாணம் செய்து ஊரைவிட்டுப் போனவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது இருக்கும். சம்பந்தப்பட்டவரின் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் குரூப்பில் எழுத வேண்டாம், ஆனால் உங்கள் நோட்டிலிருந்து அழிக்கவும் வேண்டாம். அப்படி ஊரைவிட்டுப் போனவரின் பேத்தி ஒருநாள் தேடிக்கொண்டு வரலாம், அவளுக்குக் கொடுக்க ஒரு பக்கமாவது இருக்கட்டும். சோழர் படையில் தளபதியாக இருந்தோம் என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். சண்டை வேண்டாம், "எந்தத் தாத்தா சொன்னது?" என்று மட்டும் கேட்டு, கதை என்ற தலைப்பில் குறித்து வையுங்கள்.

போனில் எழுதுவது போனோடு போய்விடும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அச்செடுத்துவிடுங்கள். குலதெய்வம் கோவில் படையலுக்கு எல்லோரும் வரும்போது வம்ச வரிசையைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள், பெயர் தெரியாத பெண்களுக்கு "மனைவி" என்று போட்டு முடித்துவிடாமல் காலிக் கட்டம் விட்டு ஒட்டுங்கள். காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி கொண்டுவராத பாட்டிகள்தான் நமக்கு முக்கியம், பக்கத்தில் ஒரு நாற்காலியும் வேண்டும். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பந்தி எழுவதற்குள் யார் சட்டைப்பைக்குள்ளாவது போய்விடும்.